25 ரூபாய்ப் பங்கில் ஓடிய கப்பல்

பிழைப்பைத் தேடி ஊரை விட்டு வந்தவர்களுக்குப் பயணக் கட்டணம் சின்ன விஷயம் அல்ல. கரோல் பாகிலும் ஆர்.கே.புரத்திலும் குடியிருக்கும் தமிழ்க் குடும்பங்கள், கோடை விடுமுறைக்குச் சென்னை ரயிலில் இடம் பிடிக்க எவ்வளவு முன்னதாகவே கணக்குப் போடுகின்றன என்பது அவர்களுக்கே தெரியும். நாலு பேர் கொண்ட குடும்பம் போய் வரவேண்டுமானால் அந்த மாதச் சம்பளத்தில் ஒரு பெரும் துண்டு விழும்.

சுமார் 120 ஆண்டுகளுக்கு முன் தூத்துக்குடித் துறையிலும் இதே கணக்குப் போட்டுக்கொண்டு தமிழர்கள் நின்றார்கள். அவர்கள் போக வேண்டிய இடம் கொழும்பு. தென் மாவட்டங்களிலிருந்து ரயிலில் தூத்துக்குடிக்கு வந்து, அங்கிருந்து ஸ்டீமர் ஏறுவதுதான் அன்றைய வழக்கம். கரையருகே கடல் ஆழம் குறைவு. ஆகவே பெரிய ஸ்டீமர்கள் சில மைல் தள்ளியே நங்கூரம் போடும். ஆட்களும் மூட்டைகளும் தோணியில் போய்த்தான் கப்பலைச் சேர வேண்டும். அந்தக் கப்பல்களை ஓட்டியது பிரிட்டிஷ் இந்தியா ஸ்டீம் நாவிகேஷன் கம்பெனி. வேறு போட்டி இல்லாததால் அவர்கள் வைத்ததே கட்டணம். அவர்கள் நடத்தியதே மரியாதை.

அந்த ஏகபோகத்தை உடைக்க முன்வந்தவர்கள் விரல் விட்டு எண்ணக்கூடிய சிலர். அவர்களின் நடுவே நின்றவர், கப்பலைப் பற்றி முன்பின் எதுவும் அறியாத ஒரு வக்கீல். கப்பலோட்டிய தமிழர் என்று இன்று நாடு போற்றும் வ.உ.சிதம்பரம் பிள்ளையே அவர்.

வக்கீல் வீட்டுப் பிள்ளை

சிதம்பரம் பிள்ளை 1872ஆம் ஆண்டு செப்டம்பர் 5ஆம் தேதி ஒட்டப்பிடாரத்தில் பிறந்தார். தந்தை உலகநாத பிள்ளை வக்கீல். தாயார் பரமாயி அம்மாள். மகனும் தந்தை வழியிலேயே சட்டம் படித்துத் தேறி, ஒட்டப்பிடாரத்தில் தொழில் தொடங்கினார். பணமில்லாத கட்சிக்காரருக்கும் வாதாடுவார். போலீஸாரின் பொய் வழக்குகளை உடைத்துக் காட்டுவார். இதனால் அதிகாரிகளின் பகை சேர்ந்தது; ஏழைகளின் அன்பும் சேர்ந்தது. பிறகு தூத்துக்குடிக்குக் குடிபெயர்ந்தார்.

1905இல் வங்காளம் பிரிக்கப்பட்டது. அதை எதிர்த்து எழுந்த சுதேசி இயக்கம் தெற்கிலும் பரவியது. அன்னியத் துணியை ஒதுக்குவது, நாட்டுப் பொருளை வாங்குவது என்ற அளவில் பல ஊர்களில் அந்த இயக்கம் நடந்தது. தூத்துக்குடியில் இருந்த சிதம்பரம் பிள்ளைக்கோ கண் முன்னே கடல் இருந்தது. வெள்ளையர் வணிகத்தின் உயிர்நிலை கப்பல்தான் என்று அவர் கண்டார். சரக்கும் ஆளும் போகும் வழி அவர்கள் கையில் இருக்கும்வரை, துணியை மட்டும் மாற்றி என்ன பயன் என்ற கேள்வி அவரைக் குடைந்தது.

சிலர் சேர்ந்த கம்பெனி

1906ஆம் ஆண்டு அக்டோபர் 16ஆம் தேதி சுதேசி ஸ்டீம் நாவிகேஷன் கம்பெனி பதிவு செய்யப்பட்டது. மூலதனம் 10 லட்சம் ரூபாய். அதை 40,000 பங்குகளாகப் பிரித்து, ஒரு பங்கின் விலை 25 ரூபாய் என்று வைத்தார்கள். பங்கின் விலையை இவ்வாறு குறைத்து வைத்ததால், சின்ன வியாபாரியும் சம்பளக்காரரும் கம்பெனியில் சேர இடம் கிடைத்தது.

மதுரைத் தமிழ்ச் சங்கத்தை நிறுவிய பாலவநத்தம் ஜமீன்தார் பாண்டித்துரைத் தேவர் தலைவரானார். ஹாஜி முகமது பக்கீர் சேட் செயலாளர் பொறுப்பேற்றதோடு, ஒருவராகவே 8,000 பங்குகளுக்கு 2 லட்சம் ரூபாய் கொடுத்தார். சிதம்பரம் பிள்ளை ஏற்றுக்கொண்டது உதவிச் செயலாளர் என்ற பதவிதான். ஆனால் ஊர் ஊராய்ப் போய்ப் பங்கு சேர்த்தவரும், கப்பலுக்கு அலைந்தவரும் அவரே.

இங்கே கவனிக்க வேண்டிய ஒன்று உண்டு. ஜமீன்தாரின் செல்வாக்கு, சேட்டின் பணம், வக்கீலின் உழைப்பு ஆகிய மூன்றும் மூன்று இடத்திலிருந்து வந்தவை. சாதியும் மதமும் வேறு வேறு. ஒருவரிடம் இல்லாததை மற்றவர் கொண்டு வந்தார். யார் பெயர் மேலே இருப்பது என்று அவர்கள் சண்டையிட்டிருந்தால், கம்பெனி பதிவு அலுவலகத்தின் படியைக்கூடத் தாண்டியிருக்காது.

முதலில் கம்பெனிக்குச் சொந்தக் கப்பல் கிடையாது. பம்பாயைச் சேர்ந்த ஒரு கம்பெனியிடம் வாடகைக்கு எடுத்து ஓட்டினார்கள். பிரிட்டிஷ் இந்தியா கம்பெனி கொடுத்த நெருக்கடியில் அந்த வாடகைக் கப்பல் நின்றுபோயிற்று. டிக்கெட் வாங்கியவர்களுக்குச் சொன்ன சொல் தவறக்கூடாதே என்று சிதம்பரம் பிள்ளை உடனே கொழும்பிலிருந்து வேறு கப்பலை வாடகைக்குப் பிடித்தார். பிறகு, சொந்தக் கப்பல் இல்லாமல் காலம் தள்ள முடியாது என்று பம்பாய்க்குப் புறப்பட்டார். அப்போது மகன் உலகநாதன் நோயுற்றிருந்தான். மனைவி மீனாட்சி அம்மாள் கர்ப்பிணியாக இருந்தார். கப்பலோடு திரும்புவது, இல்லையேல் அந்தக் கடலிலேயே உயிரை விடுவது என்று சபதம் செய்து போனார் என்று அவர் வரலாறு கூறும்.

1907இல் காலியா, லாவோ என்ற இரண்டு கப்பல்கள் கம்பெனிக்குச் சொந்தமாயின. காலியாவில் மட்டும் 1,300 சாதாரணப் பயணிகளும், முதல் இரண்டு வகுப்புகளில் 66 பேரும், 4,000 மூட்டைச் சரக்கும் ஏற்ற முடியும். கப்பலில் பெரும்பகுதி சாதாரணப் பயணிகளுக்கே என்பதை இந்தக் கணக்கே சொல்லும். கொழும்புக்குக் கூலி வேலைக்குப் போனவர்களும், கடைச் சிப்பந்திகளும், சிறு வியாபாரிகளுமே அந்தக் கப்பலைத் தாங்கினார்கள்.

கட்டணப் போர்

போட்டிக் கம்பெனி சும்மா இருக்கவில்லை. கட்டணத்தைத் தலைக்கு ஒரு ரூபாயாக இறக்கியது. சுதேசிக் கம்பெனி 8 அணாவாக்கியது. அதன் பின் போட்டிக் கம்பெனி இலவசமாகவே ஏற்றிக்கொள்ள முன்வந்தது. கூடவே ஒரு குடையும் தந்ததாகத் தூத்துக்குடியில் இன்றும் சொல்வார்கள். பணபலத்தில் இரண்டுக்கும் மலைக்கும் மடுவுக்குமான வேறுபாடு. நஷ்டத்தைத் தாங்கிக்கொண்டு எத்தனை மாதமானாலும் அவர்களால் ஓட்ட முடியும். சுதேசிக் கம்பெனியால் முடியாது.

இருந்தும் மக்கள் காசு கொடுத்துச் சுதேசிக் கப்பலில் ஏறினார்கள். கையில் காசு குறைந்தவன் இலவசத்தை விட்டுவிட்டுக் காசு கொடுக்கும் இடத்தைத் தேடிப் போவது எளிதல்ல. சிதம்பரம் பிள்ளையும் அவருடைய தோழர்களும் கூட்டம் கூட்டமாக விளக்கிச் சொன்னதால் இது நடந்தது. இன்று இலவசம் கொடுப்பவன், போட்டி ஒழிந்த மறுநாள் என்ன கட்டணம் வைப்பான் என்பதை அவர்கள் பாமரனுக்கும் புரியும்படி எடுத்துச் சொன்னார்கள்.

மில் வாசலில் ஒன்பது நாள்

பிரிட்டிஷ் இந்தியா கம்பெனிக்குத் தூத்துக்குடியில் ஏஜெண்டுகளாக இருந்தவர்கள் ஹார்வி கம்பெனியார். அவர்கள் வசம் இருந்த கோரல் மில்லில் ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் வேலை பார்த்தார்கள். வேலை நேரமோ நீளம், கூலியோ குறைவு, வார விடுமுறை என்பதே கிடையாது. 1908ஆம் ஆண்டு பிப்ரவரி 27ஆம் தேதி அவர்கள் வேலையை நிறுத்தினார்கள். சிதம்பரம் பிள்ளையும் அவருடைய தோழர்களான சுப்பிரமணிய சிவாவும் பத்மநாப ஐயங்காரும் முன்னின்றார்கள்.

வேலைநிறுத்தத்தை வாய்ப்பேச்சால் நடத்த முடியாது. வீட்டில் உலை கொதிக்க வேண்டும். ஊரில் நிதி திரட்டித் தொழிலாளர் குடும்பங்களுக்குச் சாப்பாட்டுக்கு ஏற்பாடு செய்தார் சிதம்பரம் பிள்ளை. ஊரும் கூடவே நின்றது. சவரத் தொழிலாளர், சலவைத் தொழிலாளர், வண்டிக்காரர் முதலியோர் வெள்ளையருக்கும் அவர்களை ஆதரித்தவர்களுக்கும் வேலை செய்ய மறுத்தார்கள். ஒன்பதே நாளில் நிர்வாகம் இறங்கி வந்தது. கூலி உயர்ந்தது, ஞாயிற்றுக்கிழமை விடுமுறை கிடைத்தது, வேலை நேரமும் குறைந்தது. மற்ற ஐரோப்பியக் கம்பெனிகளும் தங்கள் தொழிலாளருக்குக் கூலியை உயர்த்த வேண்டியதாயிற்று.

ஞாயிற்றுக்கிழமை வீட்டிலிருந்து பிள்ளைகளோடு சாப்பிடுவதை உரிமையாக எண்ணும் இன்றைய தொழிலாளி, அந்த உரிமைக்காக மில் வாசலில் காத்து நின்றவர்களை நினைத்துக்கொள்ளலாம்.

சிறையும் செக்கும்

இதற்கு மேல் அரசு பொறுக்கவில்லை. வங்கத் தலைவர் விபின் சந்திர பாலரின் விடுதலையைக் கொண்டாடியதை ஒட்டி, 1908 மார்ச் 12ஆம் தேதி சிதம்பரம் பிள்ளையும் சிவாவும் பத்மநாப ஐயங்காரும் திருநெல்வேலியில் கைது செய்யப்பட்டார்கள். மறுநாள் ஊரே கொந்தளித்தது. துப்பாக்கிச் சூட்டில் நால்வர் உயிரிழந்தார்கள்.

சிதம்பரம் பிள்ளை ஜாமீனில் வெளியே வர வழியிருந்தது. தம்முடன் கைதான தோழர்கள் உள்ளே இருக்கையில் தாம் மட்டும் வெளியேறுவதில்லை என்று அவர் மறுத்துவிட்டார். ஆபத்து வந்தால் மற்றவர்களை முதலில் படகில் இறக்கிவிட்டுக் கடைசியில் இறங்குபவனே கப்பல் தலைவன் என்று மாலுமிகள் சொல்வார்கள். கப்பல் கம்பெனி நடத்திய வக்கீல் அந்தக் கடற்சட்டத்தைச் சிறை வாசலில் கடைப்பிடித்தார்.

1908 ஜூலை 7ஆம் தேதி தீர்ப்பளித்த நீதிபதி பின்ஹே, இரண்டு குற்றங்களுக்காக இரட்டை ஆயுள் தண்டனை, அதாவது 40 ஆண்டுகள் விதித்தார். சிவாவுக்கு 10 ஆண்டுகள். செய்தி கேட்ட தம்பி மீனாட்சிசுந்தரத்துக்குச் சித்தம் கலங்கிவிட்டது. மேல்முறையீட்டில் தண்டனை 6 ஆண்டாகக் குறைந்தது. கோயம்புத்தூர்ச் சிறையில் சணல் உரிக்கவும் மாட்டுக்குப் பதில் செக்கிழுக்கவும் வைத்தார்கள். பின்னர் கண்ணனூருக்கு மாற்றினார்கள்.

1911 டிசம்பரில் டில்லியில் பெரும் தர்பார் நடந்தது. ஜார்ஜ் மன்னர் நேரில் வந்து, தலைநகர் கல்கத்தாவிலிருந்து டில்லிக்கு மாறும் என்று அறிவித்தார். இன்று ஆயிரக்கணக்கான தமிழர்களுக்குச் சோறு போடும் புது டில்லிக்கு அன்றுதான் கால்கோள். அந்த நேரத்தில் சிதம்பரம் பிள்ளை கண்ணனூர்ச் சிறையில் கைதி. அதே 1911இல் தூத்துக்குடியில் சுதேசிக் கம்பெனியும் கலைக்கப்பட்டது. கப்பல்கள் கை மாறின. 1912 டிசம்பரில் அவர் விடுதலையாகி வெளியே வந்தபோது, வரவேற்க வந்தவர்கள் மிகச் சிலரே. அவர்களில் ஒருவர், சிறையில் குஷ்டநோய்க்கு ஆளாகியிருந்த சுப்பிரமணிய சிவா.

எங்கே சறுக்கியது?

மில் வேலைநிறுத்தம் வென்றது. கப்பல் கம்பெனி வீழ்ந்தது. இரண்டையும் நடத்தியவர்கள் அதே சிலர்தாம். பிறகு ஏன் இந்த வேறுபாடு?

அரசின் பகையும் எதிராளியின் பணபலமும் முதற் காரணங்கள் என்பதில் ஐயமில்லை. ஆனால் கப்பலில் வேலை பார்ப்பவர்கள் இன்னொரு காரணத்தையும் எளிதில் புரிந்துகொள்வார்கள். கப்பலில் ஒருவனே இரவு பகல் காவல் நிற்பதில்லை. நாலு மணி நேரம் நின்றதும் அடுத்தவன் வருவான். கப்பல் எந்தத் திசையில் போகிறது, எதிரே என்ன விளக்குத் தெரிகிறது என்பதையெல்லாம் அவனிடம் சொல்லி ஒப்படைத்த பிறகே முதல் ஆள் தூங்கப் போவான். மாலுமி மாறினாலும் கப்பல் திசை மாறாமல் போவதற்கு இதுவே காரணம்.

மில் வாசலில் அந்த ஏற்பாடு தானாகவே அமைந்திருந்தது. கூலியும் விடுமுறையும் ஒவ்வொரு தொழிலாளியின் சொந்த விஷயம். தலைவர்கள் சிறை சென்ற பிறகும் தாங்கள் பெற்ற பலன் என்ன என்பதை ஆயிரம் பேர் அறிந்திருந்தார்கள். கப்பல் கம்பெனியில் பங்குகள் பலர் கையில் இருந்தன. ஆனால் பாரம் முழுவதும் ஒருவர் தோளில் இருந்தது. பங்கு சேர்ப்பதும், கப்பல் பிடிப்பதும், பயணிகளைத் திரட்டுவதும், எதிரிக்குப் பதில் சொல்வதும் அவரே. அவரைப் பிடித்து அடைத்ததும் அடுத்த காவலுக்கு வர ஆள் இல்லை.

இதைக் குறையாகச் சொல்வது எளிது. அடக்குமுறையின் நடுவே, இரண்டு ஆண்டுக்குள் அவர் செய்ததைவிட அதிகமாகச் செய்திருக்க வேறு யாராலும் முடியாது. ஆயினும், நாலு பேர் சேர்ந்து ஒரு சங்கமோ கூட்டுறவு நாணயச் சங்கமோ பள்ளிக்கூடமோ தொடங்கும்போது நினைவில் கொள்ள வேண்டிய பாடம் இதில் இருக்கிறது. டில்லித் தமிழர்கள் இதை நன்றாக அறிவார்கள். செயலாளருக்கு மாற்றல் உத்தரவு வந்ததும் கணக்குப் புத்தகம் யாரிடம் என்று தெரியாமல் மூடிப்போன சங்கங்கள் உண்டு. ஒருவர் போனாலும் அடுத்தவர் பொறுப்பேற்று நடத்தும் சங்கங்களும் உண்டு. ஆரம்பித்தவரின் ஆர்வம் இரண்டிலும் ஒன்றுதான். காவல் மாற்றும் பழக்கத்தில்தான் வேறுபாடு.

மிஞ்சிய வாழ்வு

விடுதலைக்குப் பிறகு சிதம்பரம் பிள்ளை பட்ட துன்பம் கொஞ்சமல்ல. வக்கீல் சன்னது பறிபோயிருந்தது. திருநெல்வேலி மாவட்டத்துக்குத் திரும்ப முடியாமல் சென்னையில் குடியேறி, அரிசியும் நெய்யும் விற்றுப் பிழைத்துப் பார்த்தார். அந்நாளில் அவரை மறவாதவர்களில் கடல் கடந்த தமிழர்களும் இருந்தார்கள். தென்னாப்பிரிக்காவில் உழைத்துப் பிழைத்த தமிழர்கள் அவருக்காகப் பணம் திரட்டி, காந்தியடிகள் வசம் ஒப்படைத்திருந்தார்கள். பல கடிதப் போக்குவரத்துக்குப் பின் 1916இல் அந்தத் தொகை, சுமார் 347 ரூபாய், அவர் கைக்கு வந்து சேர்ந்தது. முகம் காணாத ஒருவருக்காகத் தங்கள் கூலியில் மிச்சம் பிடித்து அனுப்பியவர்கள், இந்த நாளேட்டைப் படிப்பவர்களைப் போலவே வெளியூர் போய்ப் பிழைத்தவர்கள்.

பிற்காலத்தில் வாலஸ் என்ற ஆங்கிலேய நீதிபதியின் உதவியால் சன்னது திரும்பக் கிடைத்தது. அந்த நன்றியை மறவாமல் தம் மகனுக்கு வாலேஸ்வரன் என்று பெயரிட்டார். ஆங்கில ஆட்சியை எதிர்த்தவர் நல்ல ஆங்கிலேயரை வெறுக்கவில்லை. கோவில்பட்டியிலும் பிறகு தூத்துக்குடியிலும் தொழில் நடத்தினார். சிறையிலேயே தொடங்கிய எழுத்துப் பணியைக் கடைசிவரை விடவில்லை. மெய்யறிவு, மெய்யறம் முதலிய நூல்களும், செய்யுளில் எழுதிய சுயசரிதையும், திருக்குறள் உரையும், தொல்காப்பிய இளம்பூரணர் உரைப் பதிப்பும் அவர் தந்தவை. 1936ஆம் ஆண்டு நவம்பர் 18ஆம் தேதி, அவர் விரும்பியபடியே தூத்துக்குடிக் காங்கிரஸ் அலுவலகத்தில் உயிர் பிரிந்தது.

கரை சேர்ந்தது எது?

கம்பெனி கலைந்து 3 ஆண்டுக்குள், 1914இல், பாம்பன் பாலம் வந்தது. தனுஷ்கோடியிலிருந்து தலைமன்னாருக்குக் கப்பல் ஓடத் தொடங்கியது. கொழும்புப் பயணிகளில் பெரும்பாலோர் அந்த வழிக்குத் திரும்பினார்கள். சுதேசிக் கப்பல்கள் பிழைத்திருந்தாலும் அந்தச் சோதனையைச் சந்தித்தே தீரவேண்டியிருந்திருக்கும்.

ஆனால் இந்தியராலும் கப்பல் ஓட்ட முடியும் என்று காட்டியது வீண்போகவில்லை. 1919 ஏப்ரல் 5ஆம் தேதி, சிந்தியா கம்பெனியின் லாயல்ட்டி என்ற கப்பல் பம்பாயிலிருந்து லண்டனுக்குப் புறப்பட்டது. அந்த நாளையே தேசியக் கடல்வணிக நாளாக நாடு கொண்டாடுகிறது. அதற்குப் பன்னிரண்டு ஆண்டுகளுக்கு முன்பே காலியாவும் லாவோவும் தூத்துக்குடிக் கடலில் ஓடியதை, அந்த நாளில் தமிழ் மாலுமிகளாவது நினைப்பார்கள்.

1972இல் நூற்றாண்டு விழாவின்போது அவருக்குத் தபால்தலை வெளிவந்தது. 1974இல் தூத்துக்குடி பெருந்துறைமுகமாயிற்று. 2011இல் அதற்கு வ.உ.சிதம்பரனார் பெயர் சூட்டப்பட்டது. 2022 குடியரசு தினத்தில் அவர் உருவம் தாங்கிய தமிழ்நாட்டு அலங்கார வண்டிக்கு டில்லி அணிவகுப்பில் இடம் கிடைக்கவில்லை. அது சென்னையில் பவனி வந்தது. டில்லித் தமிழர்களுக்கு அன்று மனக்குறைதான்.

ஆனால் அவர் பெயர் நிலைக்க அலங்கார வண்டி வேண்டியதில்லை. ஒருகாலத்தில் பயணிகள் தோணியில் ஏறிக் கப்பலுக்குப் போன அந்த ஊரில், இன்று பெரும் கப்பல்கள் துறையிலேயே வந்து அணைகின்றன. உலகின் எந்தத் துறைமுகத்திலிருந்து வந்தாலும், அவை வந்து சேரும் துறைமுகம் அந்த வக்கீலின் பெயரைத் தாங்கி நிற்கிறது.